விலையும் கூட்டுச் சதியும்

விலைவாசி ஏறும்போதெல்லாம் மக்கள், "அரசாங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். வணிகரிடம் இதற்கு ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே விலை நிர்ணயம் செய்ய மறுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, அங்காடிக்குள் ஆட்சியாளர் கை நீட்டுவது எவ்வாறு தகும் என்பார்கள். இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. அதை எடுத்துக்காட்டுவோர் அதன் முற்பகுதியைச் சொல்லி, பிற்பகுதியை விட்டுவிடுவதே வருந்தத்தக்கது.

விலையை ஏற்றுவதும் இறக்குவதும் இறைவனின் செயல் என்று கூறிய பெருமானார் (ஸல்) அவர்கள், உயிரிலோ பொருளிலோ தாம் அநீதி இழைத்ததாக எவரும் தம்மீது வழக்குரைக்காத நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் கூறினார்கள். ஆக, மறுப்பின் வேர் அநீதியைப் பற்றிய அச்சமே. வணிகனுக்குத் தனிச் சலுகை தருவது அதன் கருத்தன்று. மழை பொய்த்து நெல் குறைந்தமையால் விலை ஏறியிருக்கும்போது, குறைந்த விலைக்கு விற்குமாறு வணிகனை வற்புறுத்துவது அவனுக்கு இழைக்கும் அநீதி. வணிகர்கள் தமக்குள் கூடிப் பேசி விலையை ஏற்றியிருக்கும்போது ஆட்சியாளர் வாளாவிருப்பது வாங்குவோருக்கு இழைக்கும் அநீதி. 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா அவர்கள் ஹிஸ்பா பற்றிய தமது நூலில் இந்த வேறுபாட்டை விரிவாக ஆய்ந்திருக்கிறார்கள்.

இன்னும் தெளிவான சான்றொன்று ஹனஃபீ மாணவர் யாவரும் ஓதும் குதூரீயில் இருக்கிறது. பங்கீட்டு அத்தியாயத்தில், சொத்துகளை அளந்து பிரித்துக் கொடுக்கும் பங்கீட்டாளர்களைப் பற்றிய சட்டம் அது. (தேர்வில் கேள்வி வருவது அரிது என்பதாலோ என்னவோ, மதரஸாக்களில் இவ்வத்தியாயம் விரைந்து கடக்கப்படுகிறது.) ஒரே பங்கீட்டாளரிடந்தான் போக வேண்டும் என்று காஜி மக்களைக் கட்டாயப்படுத்தலாகாது, பங்கீட்டாளர்கள் ஒன்றாகக் கூட்டுச் சேர்ந்துகொள்ளவும் விடலாகாது. காரணத்தை ஹிதாயா விளக்குகிறது. ஒருவரே என்றாகிவிட்டால் அவர் நியாயமான கூலிக்கு மேல் கேட்பார். எல்லாரும் சேர்ந்துகொண்டால் கூலி தானே ஏறிவிடும். இன்று ஏகபோகம் என்றும் வணிகக் கூட்டுச் சதி என்றும் சட்ட நூல்கள் பிரித்துப் பேசும் இரண்டு தீமைகளும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கூலி இவ்வளவுதான் என்று காஜி விதிக்கவில்லை. கூலியை உயர்த்தும் ஏற்பாட்டையே கலைக்கிறார்.

நமது நாட்டில் 1969-ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே செல்கிறது. சரக்கின் விலையை அது நிர்ணயிப்பதில்லை. விலையைப் பற்றிய உடன்படிக்கையைத் தண்டிக்கிறது. 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் நிறுவனங்கள்மீது ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆலைகளில் உற்பத்தித் திறன் இருந்தும் உற்பத்தியைக் குறைத்து, சேர்ந்து விலையை உயர்த்தினார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனங்கள் இதனை மறுத்தன. 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்துச் செய்தது. வாய்மொழி வாதங்களைக் கேட்க அமர்ந்திராத தலைவர் ஆணையில் கையொப்பமிட்டிருந்தார் என்பதே காரணம். இதைக் கண்டு பணக்காரர்கள் தப்பிவிட்டார்கள் என்று சினந்தோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்று அலீ (ரலி) அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட நெறி ஏழைக்கு மட்டும் உரியதன்று. ஆணையம் மீண்டும் விசாரித்து 2016-இல் அபராதம் விதித்தது. 2018-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை நாடின.

என் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொரு கேள்வி. கூட்டுச் சதி மூடிய அறையில் நடப்பது. பாலில் நீர் கலந்திருப்பதை முஹ்தஸிப் ஒரு மயிரிழையைத் தோய்த்தே கண்டுகொள்வார் என்று ஷைஸரீ எழுதுகிறார். சதிக்கு அத்தகைய சோதனை இல்லை. வெளிப்படையான அறிகுறியின்றித் துருவிப் பார்க்கவும் மாவர்தீ போன்றோர் முஹ்தஸிபை அனுமதிக்கவில்லை. எனவே இன்றைய சட்டம் உள்ளிருப்பவனுக்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சதியில் பங்கு கொண்டவன் முந்திவந்து முழு உண்மையையும் கூறினால், 46-ஆம் பிரிவின்படி அவனுடைய அபராதம் குறையும். முழுவதும் நீங்கவும் கூடும். பாவத்தில் பங்கும் பெற்று, காட்டிக்கொடுத்ததற்குப் பரிசும் பெறுவதா என்று நல்லோர் முகம் சுளிக்கிறார்கள்.

வழிப்பறிக்காரர் பிடிபடுமுன் மனந்திருந்தி வந்தால் அவர்களுக்குரிய தண்டனை நீங்கும் என்பது திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் கூறும் சட்டம். ஆகவே மன்னிப்புக் கதவு ஷரீஅத்துக்குப் புதிதன்று. ஆனால் நீங்குவது இறைவனின் உரிமை மட்டுமே. பறித்த பொருள் உரியவரிடம் திரும்ப வேண்டும், அந்த மனித உரிமை தவ்பாவினால் அழியாது என்பது பிக்ஹு அறிஞர்களின் தீர்ப்பு. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், அரசு தனக்குரிய அபராதத்தை விட்டுக்கொடுப்பதில் குற்றமில்லை. மக்களின் பணம் என்னவாகிறது என்றே கேட்க வேண்டும்.

இழப்பீடு கோரப் போட்டிச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆயினும், சிறுகச் சிறுகச் சேர்த்துச் சிறு வீடு கட்டிய ஒருவர், ஒரு மூட்டைக்கு எத்தனை ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம் என்பதை எந்த ரசீதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? உரியவர் யாரென்று அறிய இயலாத பொருளை எடுத்தவன் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், அவர்கள் சார்பில் அறவழியில் செலவிட வேண்டும் என்று பிக்ஹு நூல்கள் கூறும். இதற்கு ஒத்த ஏற்பாடு நமது வரிச் சட்டங்களில் இருக்கிறது. வாங்குவோரிடம் வசூலித்துவிட்ட வரியை வணிகர் திரும்பப் பெற்று இரட்டை ஆதாயம் அடையாதபடி, அத்தொகையை நுகர்வோர் நல நிதியில் சேர்க்கிறார்கள். போட்டிச் சட்டத்து அபராதமோ இந்தியத் தொகுப்பு நிதிக்குச் சென்று, மற்ற வருவாய்களோடு கலந்துவிடுகிறது.