கால் சுற்று

பேனாவுக்கு மை போடும்போதே சட்டையைக் கறையாக்கிக் கொள்கிறவன் நான். மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வெகுகாலம் எட்டிப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவன், அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் என் தங்கை மகன் வீட்டுக் கொட்டகையில், ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை சாயங்காலம் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவனிடம் 1966-ல் செய்த செவ்ரோலே இம்பாலா ஒன்று இருக்கிறது. எட்டு சிலிண்டர் இயந்திரம். நாலு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம், பாதி விரித்த புத்தகம் மாதிரி. நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வார்ப்புக்கு இன்டேக் மேனிஃபோல்ட் என்று பெயர். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை எட்டு சிலிண்டருக்கும் பங்கிடுவது அதன் வேலை. இந்த இன இயந்திரத்தில் அதற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இரண்டு பக்கமும் சுற்றிச் சூடேறி வரும் தண்ணீர், அதன் முன்நுனியில் ஒன்றுசேர்ந்துதான் ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கிருந்தே ஒரு ரப்பர் குழாய் பிரிந்து, உள்ளே இருப்பவர்கள் குளிரில் விறைக்காதபடி சூட்டைக் கொண்டு போகிறது.

பழைய இரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, வேறு கம்பெனியார் செய்த அலுமினிய மேனிஃபோல்டை மாட்டியிருந்தான். அதில் அந்தக் குழாய்க்கு மரையிட்ட துளை மட்டுமே இருந்தது. குழாய் சொருகும் மூக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். நேர் மூக்கு ஒரு இரும்புத் தாங்கியில் இடித்தது. ஆகவே பித்தளையில் ஓர் எல்போ வாங்கி வந்திருந்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த மரை ஒரே பருமனாக இராது. 16 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நுனி நோக்கிச் சிறுக்கும். திருகத் திருக ஆப்பு மாதிரி இறுகித்தான் தண்ணீரை அடைக்கிறது. நேர் மூக்கானால் இறுகிய இடத்தில் நிறுத்தலாம். எல்போவுக்கோ திசை உண்டு. எங்கள் எல்போ நன்றாக இறுகிய நேரத்தில் அதன் வாய் பின்னால் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தது. இன்னும் முக்கால் சுற்று முன்னே போனால் திசை சரியாகும். ஆனால் அலுமினிய வார்ப்பு வெடிக்கக்கூடும். கால் சுற்று பின்னே விட்டால் உடனே சரியாகும். ஆனால் மரையில் பூசிய பசை அறுந்து போகும். முன்னே இறுக்கலாம், இல்லாவிட்டால் கழற்றி வேறொன்று வைக்கலாம், பின்னே மட்டும் விடக்கூடாது என்று அவனே எனக்கு அரைமணி முன்னால் பாடம் சொல்லியிருந்தான்.

அவன் என்னைப் பார்த்தான். நான், "பசிக்கிறதப்பா" என்றேன்.

கால் சுற்று பின்னே விட்டான்.

இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. அது பரீட்சையே அல்ல. நன்றாகச் சூடேறி உள்ளே அழுத்தம் ஏறிய பிறகு, நெடுந்தூரம் ஓடும்போதுதான் இத்தகைய கசிவு வெளிப்படும். அவனுக்கும் அது தெரியும். மறுநாள் காலை அவன் மனைவி, ஏழு வயதுப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு, அந்த வண்டியிலேயே லான்ஸிங்கில் இருந்த சிநேகிதி வீட்டுக்குப் புறப்பட்டாள். ஏறக்குறைய 90 மைல். சாலையில் பனிக்கு உப்புத் தூவத் தொடங்கினால் பழைய வண்டியை வெளியே எடுக்க முடியாது. அதற்குள் ஒருமுறை போய்வர ஆசை. நாங்கள் இருவரும் வாசலில் நின்று கையசைத்தோம்!

இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மூடியைத் திறந்தால், மேனிஃபோல்டின் மேல் பச்சையாக ஒரு கறை. அந்தத் திரவத்துக்கே உரிய தித்திப்பு வாசனை. அவ்வளவுதான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பார்கள் நம் ஊரில். எறிந்த கை யாருடையது என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை. 1976-ல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ ஆசிரியர்கள் இதைப்பற்றி எழுதினார்கள். நேகல் ஒரு லாரிக்காரனைச் சொல்கிறார். பிரேக்கைச் சோதிக்காமல் அலட்சியமாக விட்டவன் அவன். அவன் வழியில் ஒரு குழந்தை ஓடி வந்துவிட்டால் அவன் பாவி. வராவிட்டால் சாதாரண மனிதன். குழந்தை வருவதும் வராததும் அவன் கையில் இல்லையே! பிறகு எதற்காக அவனுக்கு ஏற்றமும் தாழ்வும்?

புத்தி சொல்லும் பதில் சுலபம்: குற்றம் கால் சுற்றுத் திருப்பிய அந்த நிமிஷமே முடிந்துவிட்டது. ஆனால் மனம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வண்டி நடுவழியில் கொதித்து நின்று, அந்தப் பெண் குளிரில் நடுங்கியிருந்தால் நான் இன்னும் நூறு பங்கு துடித்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். மனம் பொய் சொல்லுகிறது என்று தள்ளவும் எனக்குத் துணிவில்லை. குற்றம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கடன்தான் வேறு என்று தோன்றுகிறது. தீங்கு நேர்ந்திருந்தால் அதை நான் தீர்க்கக் கடமைப்பட்டவன். நேரவில்லை, ஆகவே நடந்ததைச் சொல்ல மட்டும் கடமைப்பட்டவன். இந்தச் சிறு கடனைத்தான் உலகத்தில் யாரும் திருப்பித் தருவதில்லை. சாப்பாட்டுக்கு முன் கைகழுவும்போதே மறந்து போகிறோம்.

இரண்டாம் நாள்தான் எனக்குத் தைரியம் வந்தது. அடுக்களையில் அவளிடம் சொன்னேன். என் பசியையும் சேர்த்தே சொன்னேன்.

"அதனால் என்ன மாமா? சூடு காட்டும் முள் நகரவே இல்லையே" என்று சிரித்தாள். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தவள் சற்றுக் கழித்து, "குழந்தையும் வருகிறாள் என்று அவருக்குத் தெரியும், இல்லையா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

அன்று இரவு கொட்டகையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். எல்போவைக் கழற்றி, மரையைத் துடைத்து, குட்டையான ஒரு நேர் மூக்கை வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். தாங்கியை அரத்தால் ராவி அதற்கு வழி செய்திருந்தான். ஒன்றும் பேசாமல் விளக்கை எடுத்துப் பிடித்தேன். சாப்பிட வரச்சொல்லி உள்ளேயிருந்து இரண்டு தரம் குரல் வந்தது.