அண்டை வீதியும் அந்நியன் கண்ணும்

ஒரு வீதியில் ஒரு நாழிகை நின்றவன் அவ்வீதியில் வாழும் மக்களின் குணத்தை அறிந்தவன் ஆவானா? அறிந்துவிட்டதாக எண்ணி அவன் கூறும் தீர்ப்பை நாம் ஏற்கலாமா? ஏற்கலாகாது என்றால், அயலான் எடுத்துக் காட்டும் குறை எதையும் காதில் வாங்காமலே தள்ளிவிடலாமா? இவை ஓய்வு நேரத்தில் பேசிப் பொழுது போக்குதற்குரிய கேள்விகள் அல்ல. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே சாலையில் அடுத்தடுத்து வாழும் மலேசிய நாட்டில், நாள்தோறும் வாய் திறக்கும்போதெல்லாம் இவற்றுக்கு ஏதோ ஒரு விடையை நாம் கூறிக்கொண்டுதான் இருக்கிறோம். “சீனர் என்றாலே இப்படித்தான்” என்கிறார் ஒருவர். “தமிழர் என்றாலே இப்படித்தான்” என்கிறார் மற்றொருவர். இருவரும் கண்டது வீதியை. தீர்ப்பளித்ததோ ஓர் இனத்தின் மீது.

கோலாலம்பூரின் தென்கிழக்கே உள்ள செராஸ், சீனர் மிகுதியாக வாழும் வட்டாரங்களில் ஒன்று. அங்கே தாமான் கோனாட் என்னுமிடத்தில் புதன்கிழமைதோறும் மாலையில் கூடும் பசார் மாலாம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்திற்கு விரிந்து கிடக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரை ஒரு புதன்கிழமை அங்கே அழைத்துச் சென்றேன். சோயாப் பயற்றினின்று செய்து புளிக்கவைத்த கட்டியை எண்ணெயில் பொரிக்கும் கடையருகே வந்ததும் நண்பர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “எதைத்தான் தின்னமாட்டார்கள் இவர்கள்!” என்றார். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் நம் வீதியைக் கடக்கும் சீனர் எவரேனும் அப்படிச் சொன்னால் நமக்கு எவ்வளவு கோபம் வரும் என்று கேட்டேன். சிரித்தார், ஆயினும் மூக்கினின்று கையை எடுத்தாரில்லை.

பிறகு ஒரு சீனர் கோப்பிக் கடைக்குச் சென்றோம். அத்தகைய கடைகளில் கோப்பி விற்பவர் ஒருவர். அவரிடம் இடம் வாடகைக்கு எடுத்து உணவு விற்போர் வேறு பலர். மேசைகளோ எல்லோர்க்கும் பொது. இடமில்லாதபோது முன்பின் அறியாதாரும் ஒரே மேசையில் அமர்வது அங்கே வழக்கம். தனியே அமர்ந்திருந்த சீனப் பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் தம் கோப்பையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, நாற்காலியைக் கையால் சுட்டினார். நாங்கள் யார், எம்மதம், எவ்வினம் என்று அவர் கேட்கவில்லை. நண்பர் தயங்கித் தயங்கி அமர்ந்தார். தமக்கு வந்த கோப்பையை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துச் சோதித்தார். பின் அதைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

அவரைக் கடிந்து ஒரு சொற்பொழிவு ஆற்றிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் என் நா எழவில்லை. ஏனெனில் அந்தக் கணத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் என் பாட்டியார் வாழ்ந்த வீடு நினைவுக்கு வந்தது. அவ்வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் சீன மூதாட்டி ஒருவர் இருந்தார். வெயிலில் சுமையோடு வருபவருக்குப் பாட்டியார் அன்போடு தேநீர் கொடுப்பார். ஆனால் அத்தேநீருக்கென்று ஒரு தனிக் குவளை இருந்தது. அது வீட்டுக்குள் வராது. பின்கட்டுச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். மூதாட்டி குடித்துவிட்டுத் தாமே குழாயடியில் கழுவி, அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். சிறுவனாயிருந்த எனக்கு அதில் ஒரு தவறும் தோன்றவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோதுதான், அந்த ஆணி எங்கே அடிக்கப்பட்டதென்பது எனக்கு விளங்கிற்று. நம் முன்னோர் கடல் கடந்தபோது மூட்டை முடிச்சுக்களோடு அந்தக் குவளையையும் கொண்டுவந்திருந்தார்கள்!

வாசகர்களே, இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். நம் வீதியில் அந்நியரான அந்தச் சீன மூதாட்டி, தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? “தமிழர் தூய்மையை விரும்புவோர்” என்றா? “தமிழர் மனிதரை இழிவுபடுத்துவோர்” என்றா? இரண்டில் எது உண்மை? முழு இனத்தின் மீதும் கூறினால் இரண்டுமே பொய். ஆனால் அந்த ஆணியும் அக்குவளையும் பொய்யல்ல. அவற்றைக் காட்ட, வீட்டுக்காரனாகிய என்னால் முடியவில்லை. வெளியே நின்றவரின் கண்தான் வேண்டியிருந்தது. அந்நியன் கண்ணின் குறைபாடும் பயனும் இந்த ஓரிடத்திலேயே அடங்கியிருக்கின்றன.

இந்த வழக்கு உலகிற்குப் புதிதன்று. ஆர்தர் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பாதிரியார் பல்லாண்டு சீனத்தில் வாழ்ந்து, தாம் கண்டவற்றைக் கொண்டு சீனர் குணங்களைப் பற்றி 1890ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். காலத்தை மதியாமை, துல்லியத்தைப் பேணாமை என்று குணத்துக்கொரு அத்தியாயம் வகுத்து, கோடிக்கணக்கான மக்களைச் சில தலைப்புக்களுக்குள் அடைத்துவிட்டார். சீன எழுத்தாளர் லூ சுன் அந்நூலைத் தீயிலிடச் சொல்லவில்லை. தாம் மறைந்த 1936ஆம் ஆண்டில், அதனைச் சீனத்தில் பெயர்த்து நம்மவர் படிக்கவேண்டும், எது சரி, எது பிழை என்று தம்மைத் தாமே சோதிக்கவேண்டும் என்னும் கருத்தை எழுதிச் சென்றார்.

நம் பக்கத்திலும் அத்தகைய நிகழ்ச்சி உண்டு. காதரின் மேயோ என்னும் அமெரிக்கப் பெண்மணி 1927இல் ‘மதர் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். குழந்தை மணம், தீண்டாமை, பெண்களின் அவலம் ஆகியவற்றை விரித்துரைத்து, இந்தியர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என்ற முடிவுக்கு அது இழுத்துச் சென்றது. காந்தியார் அதைச் சாக்கடைப் பரிசோதகரின் அறிக்கை என்று ஒதுக்கினார். நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. ஆனால் கோவை அ. அய்யாமுத்து 1929இல் எழுதிய நூலுக்கு ‘மேயோ கூற்று மெய்யா, பொய்யா’ என்று பெயரிட்டார். கூறியவர் யார், எந்நோக்கத்தோடு கூறினார் என்பதோடு நில்லாமல், கூற்று மெய்தானா என்று கேட்கத் துணிந்தது அத்தலைப்பு. அதே ஆண்டில்தான் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என வரையறுத்த சாரதா சட்டம் நிறைவேறிற்று. மேயோவின் நோக்கம் தீயதாயிருக்கலாம். அதனால் குழந்தை மணம் நல்லதாகிவிடுமா?

இதற்கு மாறான வழியையும் உலகம் கண்டிருக்கிறது. இத்தாலியத் திரைப்பட இயக்குநர் அந்தோனியோனி சீன அரசின் அழைப்பின்பேரில் சென்று, பீகிங், ஷாங்காய் முதலிய நகரங்களில் மக்கள் நடப்பதையும் உண்பதையும் மிதிவண்டியிற் செல்வதையும் 1972இல் படம் பிடித்து வெளியிட்டார். 1974 ஜனவரியில் சீன அரசாங்கக் கட்சியின் நாளிதழ் அவரைச் சீனத்தின் பகைவர் என்று சாடிற்று. நான்கிங் நகரத்துப் பெரும் பாலத்தை நிமிர்ந்து நிற்பதாகக் காட்டாமல் கோணலாகக் காட்டினார் என்பதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று! முப்பது ஆண்டுகள் கழித்து, 2004இல், அப்படம் பீகிங்கிலேயே திரையிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பாலம் விழுந்துவிடவில்லை. அயலான் கண்ணுக்கு அஞ்சுகிறவர்கள் தம் வீட்டின் வலிமையை நம்பாதவர்கள் என்பதே இதனால் விளங்குவது.

நிற்க. பார்க்கப்படுவோர் கடமை இதுவென்றால், பார்ப்பவன் கடமை யாது?

கண் செயலைக் காணும், காரணத்தைக் காணாது. செராஸை ஒட்டிய சாலாக் சவுத் போன்ற புதுக்கிராமங்களின் வழியே செல்பவன், வீட்டோடு வீடு ஒட்டிக் கிடப்பதைக் கண்டு, “நெருங்கிக் கிடப்பது சீனர் இயல்பு” என்று எழுதிவிடலாம். ஆனால் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது, 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி, ஏறத்தாழ 5 லட்சம் மக்கள், பெரும்பாலோர் சீனர், தம் குடிசைகளினின்று பெயர்க்கப்பட்டு முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுடைய இயல்பு கேட்டுப் போட்டதன்று அந்த வேலி.

அவ்வாறே, பால்மரத் தோட்டத்துக் கள்ளுக்கடையில் தமிழர் கூடியதைக் கண்ட அயலான், “தமிழர் குடிகாரர்” என்று எழுதிச் சென்றான். அந்தக் கள்ளுக்கடை தோட்டத்திற்குள் யார் அனுமதியால் வந்தது என்று அவன் கேட்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோர் முன்னிற்க, வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. குடிகாரர் என்று பெயர் சூட்டப்பட்டவர்களே கடையை மூடச் சொன்னார்கள்! வீதியில் நின்ற கண்ணுக்கு இது எங்ஙனம் தெரியும்?

இனி, அளக்கும் கோல் ஒன்றாயிருத்தல் வேண்டும். சீனரின் ஏழாம் திங்களில், பசித்த ஆவிகள் உலவுவதாகக் கருதி, செராஸ் வீதியோரங்களில் ஊதுவத்தி ஏற்றி, சோறும் பழமும் படைத்து, காகிதப் பணத்தைக் கொளுத்துவார்கள். அதைக் கண்டு நம்மவர் நகைக்கிறார்கள். ஏறக்குறைய அதே பருவத்தில் ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைத்துக் காக்கைக்குச் சோறு வைப்பவர் யார்? பகுத்தறிவுக் கோலை எடுங்கள், இரண்டையும் அளவுங்கள், தள்ளவேண்டுமாயின் இரண்டையும் தள்ளுங்கள். அண்டை வீட்டாருடையதற்கு மூடநம்பிக்கை என்றும், நம்முடையதற்குப் பண்பாடு என்றும் பெயர் வைப்பது பகுத்தறிவாகாது. அது சுயநலத்தின் வேறொரு பெயர்.

அதே வீதியோரத்தில் சிறிய சிவப்புக் கோயில் ஒன்றையும் காணலாம். சீனர் அதை டத்தோ கோங் கோயில் என்பர். அங்கே வணங்கப்படுவது இம்மண்ணுக்குரிய மலாய்க் காவல் ஆவியாம். பன்றி இறைச்சியை விரும்பி உண்ணும் அம்மக்கள், அந்த ஆவி மலாய்க்காரருடையது என்பதால் அதன் முன் பன்றி இறைச்சியைப் படைப்பதில்லை. ஆவி உண்டா, இல்லையா என்பது ஒருபுறமிருக்கட்டும். பிறர் விலக்கியதைத் தாமும் அவ்விடத்தில் விலக்கும் அந்த மரியாதை இருக்கிறதே, அதை எந்தப் பகுத்தறிவாளனும் தள்ளமாட்டான். நகைத்துக்கொண்டே கடந்து போகிறவன் மூடநம்பிக்கையை மட்டும் கண்டான். அதனுள்ளே இருந்த நாகரிகத்தைக் காணத் தவறினான்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். “அவரவர் வழக்கம் அவரவர்க்கு, நாம் எதையும் கூறாதிருப்பதே மேலல்லவா?” என்பார் சிலர். பார்வைக்குப் பெருந்தன்மைபோல் தோன்றும் இக்கூற்று மிகவும் ஆபத்தானது. “எங்கள் வழக்கத்தில் வெளியார் தலையிடலாகாது” என்பதுதானே ஜாதியைக் காப்போர் காலங்காலமாகக் கூறிவரும் வாதம்? ஆகவே, வாய் மூடியிருப்பதும் வழியன்று. உணவை விலக்குவது வேறு. மனிதனை விலக்குவது வேறு. பன்றி இறைச்சியையோ மாட்டிறைச்சியையோ உண்ணாதவர் உண்ணாதிருக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் ஒரு மனிதன் வாய் வைத்த கோப்பை என்பதற்காக ஒரு கோப்பையை விலக்குவது, அம்மனிதனை விலக்குவதேயாகும். எவ்வூர் வழக்கமாயினும், எவ்வின வழக்கமாயினும், இதனைக் குற்றமென்று கூறத்தான் வேண்டும். முதலில் நம் வீட்டில் கூறவேண்டும். பிறகே அடுத்த வீதிக்குப் போகவேண்டும்.

தமிழர் சீன வீதியில் அந்நியராய் நின்ற காலமும் ஒன்றுண்டு. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கி.பி. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் இறுதியில் சீன எழுத்துக்களும் உள்ளன. அங்கே தமிழ் வணிகர் சிவன் கோயில் ஒன்றை எழுப்பியதையும், மங்கோலியப் பேரரசரின் நலம் கருதி அது செய்யப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. அந்நாட்டு மீன் கடையின் வாடையைப் பற்றி அவ்வணிகர் தம் வீட்டில் என்ன பேசினரோ, அவர் உடம்பில் வீசிய எண்ணெய் மணத்தைப் பற்றிச் சீனர் என்ன பேசினரோ, அவையெல்லாம் காற்றோடு போயின. கல்லில் நின்றது, ஓர் ஊர் அயலாருக்கு இடம் கொடுத்தது என்னும் ஒரு செய்தியே.

செராஸ் கோப்பிக் கடையில் என் நண்பர் தொடாது விட்ட கோப்பையை நான் எடுத்துக் குடித்தேன். அதில் வீரம் ஒன்றுமில்லை. பின்கட்டு ஆணியில் தொங்கிய குவளைக்கு நான் கட்டவேண்டியிருந்த கடனில் ஒரு காசு, அவ்வளவே. சீனப் பெரியவர் அதைக் கவனித்தாரா என்பதை நான் அறியேன். அவர் எழுந்து போகும்போது தலையசைத்தார், நானும் தலையசைத்தேன். அவர் பேர் எனக்குத் தெரியாது. என் பேர் அவருக்குத் தெரியாது.

அண்டை வீதியைப் பற்றி அபிப்பிராயம் கூற விரும்பும் அன்பர்களே! தாராளமாகக் கூறுங்கள். ஆனால் கூறுமுன் அவ்வீதியின் மேசையில் ஒரு முறை அமருங்கள். எதிரே இருப்பவரிடம் காரணம் கேளுங்கள். வீடு திரும்பியதும், உங்கள் பின்கட்டுச் சுவரில் ஏதேனும் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து பேசுங்கள். அப்போது உங்கள் பேச்சைக் கேட்க அடுத்த வீதியார் மறுக்கமாட்டார்கள். மறுத்தாலும் உங்கள் வீடு துப்புரவாகியிருக்கும்.