அருகிலிருந்தும் அறியாதவன்



வைகாசி மாதத்தில் இரவு பத்து மணியளவில், ஆலை விளக்குகள் மறைக்காத ஒரு மேட்டில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே பிரகாசமான இரு நட்சத்திரங்கள் தோன்றும். இடப்பக்கத்தது ஆல்பா சென்டாரி.

கண்ணுக்கு அது ஒன்று, உண்மையில் இரண்டு. 1689 டிசம்பரில், புதுச்சேரியில் வால்நட்சத்திரம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த சேசுசபைக் குரு ரிஷோ சுவாமியார் இதைக் கண்டார். அவ்விரண்டும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன.

மூன்றாவதும் உண்டு. அதை 1915இல் ஜோகனஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தார். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் அதுவே. அதன் ஒளி 4 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் நம்மை வந்தடைகிறது. ஆயினும் மங்கலான செந்நிறக் குறுமீனாதலால் வெறுங்கண்ணுக்குத் தென்படாது. அதன் பெயர் பிராக்ஸிமா. லத்தீனில் 'மிக அருகிலுள்ளது' என்று பொருள். லத்தீன் வேதாகமத்தில் 'அயலான்' என்பதற்கும் இச்சொல்லே வழங்குகிறது.

"நான் காணவில்லை" என்று சொன்னால் குற்றம் நீங்குமா? அறியாமை இருவகை என்பர் நீதிநூலார்: முயன்றாலும் நீக்கமுடியாதது ஒன்று, முயன்றால் நீங்கக்கூடியது மற்றொன்று. ரிஷோ சுவாமியார் மூன்றாவதைக் காணாதது முதல்வகை, அதில் குற்றமில்லை.

நம் சுவருக்கு அப்பால், வாடகை அறையில், சிப்காட் ஆலையில் இரவுவேலை முடித்துப் பகலில் உறங்கும் வெளியூர்ப் பையன் இருக்கிறான். அவன் பெயர் என்ன? காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொடுப்பவர் யார்? இதை அறியத் தொலைநோக்கி வேண்டாம். கதவைத் தட்டினால் போதும்.