வில் பிள்ளையின் கையில்... கடிவாளம் நம் கையில்!

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் நம் கோயில்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். செங்கல்பட்டு அருகே செட்டிபுண்ணியம் யோக ஹயக்ரீவர் சந்நிதியாகட்டும், திருவாரூர் மாவட்டம் கூத்தனூர் சரஸ்வதி அம்மன் கோயிலாகட்டும்... ஹால் டிக்கெட், பேனா, அர்ச்சனைத் தட்டு சகிதம் பிள்ளைகளும் அம்மாக்களும் வரிசையில் நிற்பார்கள்.

அப்படி ஒரு வரிசையில் ஒருமுறை நானும் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகளுடன். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். எல்லாவற்றையும் அம்மாவே சொன்னார். கூடவே, "மெடிக்கல் சீட் கிடைக்கணும் சாமி" என்றார். வயதான அந்த அர்ச்சகர், மகளைப் பார்த்து, "நீ என்னம்மா வேண்டிண்டே?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "ராத்திரி தூக்கம் வரணும்னு வேண்டிக்கிட்டேன்."

அந்த அம்மாவின் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மகளுக்குத் தூக்கமில்லை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது!

சகோதரிகளே, அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நாம்தான். பிள்ளையின் எதிர்காலத்தை முன்கூட்டியே திட்டமிடுவது தாயின் கடமை இல்லையா? கடமைதான். ஆனால், கடமை எது வரை? எங்கே அது நம் ஆசையாக மாறிவிடுகிறது? இதற்கு விடை தேடினால், என் மனம் போய் நிற்பது திருவல்லிக்கேணியில்!

அங்கே மூலவர் வேங்கடகிருஷ்ணனைத் தரிசித்திருப்பீர்கள். முறுக்கு மீசை, கையில் சங்கு. ஆனால் சக்கரம் இல்லை! போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத் தேரோட்டியாக நின்ற கோலம் அது. உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்புகள். வில் அர்ஜுனன் கையில். கடிவாளம் கண்ணன் கையில். பெற்றவர்களுக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

முதலில், சாரதிக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்ததும் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுப்பது என்பது சின்ன விஷயமல்ல. கணிதம் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியலின் பெரும்பாலான கதவுகள் மூடிவிடும். அதேசமயம், ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும், ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்புக்கும் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் முயற்சி செய்யலாம். இதையெல்லாம் தேர்வு முடிவு வந்த மறுநாள் பதறிக்கொண்டு விசாரிப்பதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையுடன் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதையும் அப்போதே பேசிவையுங்கள். "இது இல்லையென்றால் எதுவுமே இல்லை" என்பது திட்டமல்ல, பயம். தோற்றுப்போனாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம் என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவைப்பதில் தவறில்லை. அபசகுனம் என்று நினைக்காதீர்கள். குடை எடுத்துப் போவதால் மழை வந்துவிடுமா என்ன?

இரண்டாவது, சாரதி குதிரைகளைக் கவனிக்க வேண்டும். மகாபாரத யுத்தத்தின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வீழ்த்தியாக வேண்டும்; இல்லையென்றால் தீயில் இறங்குவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்திருந்தான். ஒவ்வொரு நிமிடமும் உயிர் போகும் அவசரம். அன்றைக்கு, போர்க்களத்தின் நடுவிலே கண்ணன் தேரை நிறுத்தினான்! குதிரைகளை அவிழ்த்து, உடம்பில் தைத்திருந்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டினான். பிறகுதான் தேர் நகர்ந்தது. 'நேரமில்லையே' என்று அவன் நினைக்கவில்லை. களைத்த குதிரை ஊர் போய்ச் சேராது என்பது அவனுக்குத் தெரியும்.

நாமோ, இரவு பன்னிரண்டு மணி வரை படித்த பிள்ளையைப் பிரம்ம முகூர்த்தம் என்று சொல்லி நான்கு மணிக்கு எழுப்புகிறோம். பதின்ம வயதினருக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். நான்கு மணிக்கு எழுந்து படிக்கட்டும், தாராளமாக... ஆனால், எட்டு மணிக்கே படுக்க வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அம்பை முகத்தில் வாங்கிக்கொள்வது. 2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. அரசு நிறுத்திவிட்டது, நம் சொந்தக்காரர்கள் நிறுத்தவில்லை! ரிசல்ட் வந்த அரை மணியில் போன் வரும். "எவ்வளவு மார்க்? எங்க அக்கா பொண்ணு 580 தெரியுமா?" அந்த அம்பு பிள்ளையின் மேல் படாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. "நல்லா எழுதியிருக்கா, எங்களுக்குச் சந்தோஷம்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். அடுத்த அறையிலிருந்து பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

"பதினாறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அதுங்க இஷ்டத்துக்கு விட்டுட முடியுமா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்விதான். கடிவாளத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கீதை தொடங்கும்போது அர்ஜுனனுக்கு உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் நழுவுகிறது. தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் நிலைதானே அது! அவன் புலம்பி முடிக்கும்வரை கண்ணன் குறுக்கே பேசவில்லை. அதன் பிறகுதான் கடிந்துகொண்டான், விளக்கினான், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். பதினெட்டாம் அத்தியாயத்தில், நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விட்டான். பகவானே அப்படி விட்டிருக்கும்போது, நாம் விடக்கூடாதா?

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தோழிகளிடம்கூடப் பேசவில்லை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒரு வார்த்தை விட்டது என்றால், நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்றும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கம் எதற்கு? 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில், 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்த முறை ஹால் டிக்கெட்டோடு கோயிலுக்குக் கிளம்பும் முன், வீட்டு வாசலிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த அர்ச்சகர் கேட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள். "நீ என்னம்மா வேண்டிக்கப்போறே?" என்ன பதில் வந்தாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். சந்நிதியில் நிற்கும்போது, அதையே நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்!