புல்வெட்டியும் கொல்லாமையும்

ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஜூன் மாதம் நாலு மழை பெய்தால் போதும், ஐ.டி. வளாகங்களின் புல்தரைகள் கட்டுக்கடங்காமல் எழுந்துவிடும். கோடை முழுக்க மூலையில் கிடந்த புல்வெட்டி மெஷின்களுக்கு அப்போதுதான் ஓய்வில்லாத வேலை. ஏறத்தாழ அதே நாட்களில் இன்னோர் உயிரும் செம்மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. நாம் தம்பலப்பூச்சி என்கிற, தெலுங்கர்கள் ஆருத்ர புருகு என்கிற, விரல்நகம் அளவே உள்ள செந்நிறப் பூச்சி அது. விதைப்புக் காலம் வந்துவிட்டது என்பதற்கு தெலங்கானா விவசாயிகளுக்கு அது ஓர் அடையாளம். வணிக வளாகங்களில், பின்னால் நடந்தபடி ஓட்டுகிற புல்வெட்டியின் கத்திமுனை நொடிக்கு ஏறக்குறைய 90 மீட்டர் வேகத்தில் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் கத்திக்குப் புல் எது, பூச்சி எது என்ற பேதம் கிடையாது. கொல்லாமையை அறங்களின் உச்சியில் வைத்த மரபு இதற்கு என்ன சொல்லும்? புல்வெட்டுவதே பாவம் என்றா, புல்தானே போகட்டும் என்றா? இரண்டும் அவசர விடைகள் என்று நினைக்கிறேன். கத்தி ஓடும்போது செய்வதற்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கத்தி நிற்கும்போது செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் தீங்கின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மெஷினைப் பூட்டுவது, துடைப்பது, தீட்டுவது ஆகிய வேலைகளில்தான் இயந்திர காலத்தின் கொல்லாமை குடியிருக்கிறது என்பது என் வாதம்.

புல்லுக்கு உயிர் உண்டு என்பதில் நம் மரபுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும்போது, புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு மட்டும் உடைய ஓரறிவு உயிர்களாக முதற்படியில் நிறுத்துகிறது. சமணம் ஓரறிவு உயிரையும் ஊறுபடுத்தக் கூடாது என்று துறவிக்கு விதிக்கிறது. பௌத்த விநயத்தில் செடிகொடிகளைச் சேதப்படுத்துவது பிக்குவுக்குக் குற்றம். மழைக்காலத்திலும் பிக்குகள் பச்சைப்புல்லை மிதித்து, சிற்றுயிர்களை நசுக்கிக்கொண்டு அலைகிறார்களே என்று மக்கள் முறையிட்டதால்தான் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால விரதம் ஏற்பட்டது என்று விநயபிடகம் காரணம் சொல்கிறது. சமணத் துறவிகள் இன்றும் சாதுர்மாஸ்யத்தில் ஊர்விட்டு ஊர் நடப்பதில்லை. இந்த மண்ணுக்கு இவை அந்நியமான கருத்துகளும் அல்ல. ஹைதராபாத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் கொலனுபாகா என்ற பழம்பெரும் சமணத் தலம் இருக்கிறது. சங்காரெட்டி பக்கம், இதே பெயருடைய இன்னொரு கொண்டாப்பூரில், சாதவாகனர் காலத்துப் பௌத்த எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஆக, எந்த மாதங்களில் புல்மேல் கால்வைக்கவே துறவி தயங்கினாரோ, அதே மாதங்களில்தான் வாரம் ஒருமுறை வெட்டியாக வேண்டும் என்கிறது தோட்டப் பராமரிப்பு. முரண்பாடு உண்மையானது.

ஆனால் அந்த முரண்பாட்டோடு வாழ்ந்து காட்டியவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்து, சூலை நோயின் வழியே சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பெரியபுராணம் காட்டுகிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த அப்பரின் திருவுருவத்தைக் கையில் உழவாரம் இல்லாமல் எந்தச் சிவன் கோயிலிலும் பார்ப்பது அரிது. கோயில் பிராகாரத்தில் மண்டிய புல்லையும் செடியையும் செதுக்கும் கருவி அது. அவருடைய தமக்கை திலகவதியாரும் திருவதிகைக் கோயிலில் அலகிடுவதையும் மெழுகுவதையும் தம் தொண்டாகக் கொண்டவர். புல்லை மிதிக்கவும் அஞ்சிய ஒரு நெறியிலிருந்து வந்தவர் புல்லைச் செதுக்கும் கருவியையே வழிபாடாக ஏற்றார். சமயம் மாறியதற்கு இது காரணம் இல்லை என்றாலும், மாற்றத்தின் பொருள் பெரிது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் பயிர் வளர்ப்புக்குக் களையெடுப்பு வேண்டும் என்று உழவு அதிகாரத்தில் சொல்கிறார். எல்லாவற்றையும்விட வலுவான சான்று தமிழ்ச் சமணர்களே. மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தச் சமூகம் வடதமிழக மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்திருக்கிறது. மண்ணைக் கிளறினால் உயிர் சாகும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் உழுதார்கள், பொழுது சாய்ந்தபின் உண்ணாமை போன்ற நோன்புகளால் தீங்கைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதற்குத் தத்துவ அடிப்படை சமணத்திலேயே இருக்கிறது. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அசட்டையோடு கூடிய செயலால் உயிர் போவதே இம்சை என்கிறது. துறவிக்கு விதித்த ஐந்து சமிதிகளில் ஒன்று, முன்னால் உள்ள தரையைப் பார்த்து நடப்பது. இன்னொன்று, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கவனமாக இருப்பது. ஆக, அறத்தின் அளவுகோல் இறந்த உயிர்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, கருவியைக் கையாளும் விதமும்தான். துறவிக்கு அந்தக் கருவி கமண்டலமும் மயிற்பீலியும். இல்லறத்தானுக்கு மண்வெட்டி, ஏர், இன்றைக்குப் புல்வெட்டி. கருவி பெரிதாகப் பெரிதாக, எடுத்து வைப்பதில் வேண்டிய கவனமும் பெரிதாகத்தானே வேண்டும்?

இனி கருவியைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கத்திகளை மூடியிருக்கும் இரும்புக் கூட்டுக்கு டெக் என்று பெயர். அதைப் பூட்டுகிறவர் முதலில் மெஷினைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் காற்று ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு டயர் தளர்ந்திருந்தாலும் டெக் சாய்ந்து, ஒரு பக்கம் தரையைச் சுரண்டும். கத்திமுனை இடமும் வலமும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். முன்முனை பின்முனையைவிடப் பொதுவாக 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். கத்தியின் வளைந்த சிறகு டெக்கின் கூரையைப் பார்த்திருக்கவேண்டும்; தலைகீழாக மாட்டினால் காற்று மேலே எழாது, புல் நிமிராது. இந்தச் சில மில்லிமீட்டர்களுக்குள்தான் சாவும் பிழைப்பும் இருக்கின்றன. புல்லின் வளர்நுனி தரையை ஒட்டி இருப்பதால், நுனியை வெட்டினால் புல் சாவதில்லை, அடர்ந்து தழைக்கிறது. பெர்முடா என்று புல்தரைக்குப் போடுவது அருகம்புல்லின் இனம்தான். பிள்ளையாருக்கு அதைக் கிள்ளிச் சாத்துவதை யாரும் கொலை என்பதில்லை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதே என்பது புல்தரைக்காரர்களின் விதி. டெக் சாய்ந்து அடிவரை சுரண்டினால் புல்லின் வேர்முடியே பெயர்கிறது; தரையோடு தரையாக ஊரும் தம்பலப்பூச்சிக்கும் தவளைக்குஞ்சுக்கும் கிடைத்த அந்த இரண்டு விரற்கடை இடைவெளியும் போய்விடுகிறது.

மழுங்கிய கத்தியின் கதை இதைவிட நீளமானது. அது வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனிகள் இரண்டொரு நாளில் வெளுத்துச் சிலும்பிப்போகும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நோய் இறங்கும். நோய்க்கு மருந்து தெளிக்கச் சொல்வார்கள். மருந்து மண்ணில் உள்ளதையும் விடாது. டெக்கின் அடியில் ஈரப்புல் அப்பிக்கொண்டு காய்ந்தால் காற்றோட்டம் அடைபட்டு, வெட்டிய புல் திட்டுத்திட்டாக விழும். அதே இடத்தில் இரண்டாவது தடவை ஓட்டவேண்டிவரும். ஒரு பக்கம் அதிகமாகத் தீட்டிய கத்தி எடை பிசகி, ஸ்பிண்டில் பேரிங்கை அடித்துச் சாப்பிட்டுவிடும். அதனால்தான் தீட்டியபின் நடுத்துளையில் ஆணி கொடுத்துத் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்தபிறகே கத்தியைத் திரும்ப மாட்டுகிறார்கள். ஒவ்வொரு அசட்டையும் ஓர் அதிகப்படி ஓட்டத்தையும், ஓர் அதிகப்படித் தீங்கையும் கூட்டிக்கொண்டே போகிறது. உமாசுவாமியின் இலக்கணத்துக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது கடினம்.

பராமரிப்பு என்பது வெறும் லாபக்கணக்குதானே, மெஷின் நீடித்து உழைக்கவேண்டும் என்று கிரீஸ் போடுவதற்கு அகிம்சை என்று பெயர் சூட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லாபமும் கவனமும் ஒரே திசையில் போகும்வரை இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அவை பிரிகிற இடத்தில்தான் சோதனை. கைப்பிடியில் இருக்கும் பாதுகாப்பு லீவரை எடுத்துக்கொள்வோம். கையை எடுத்தால் கத்தி நிற்கவேண்டும் என்பதற்காக வைத்தது அது. அமெரிக்காவில் வீட்டு உபயோக நடைப் புல்வெட்டிகளுக்கு, கையை எடுத்த 3 விநாடிக்குள் கத்தி நின்றாகவேண்டும் என்ற விதி 1982 முதல் நடப்பில் இருக்கிறது. அதே லீவரை ஒரு துண்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டால் வேலை வேகமாக முடியும், கை வலிக்காது. லாபக்கணக்கு கட்டச் சொல்கிறது. கவனம் அவிழ்க்கச் சொல்கிறது. ஓட்டுவதற்கு முன் புல்தரையை ஒருமுறை நடந்து பார்ப்பதும் அப்படித்தான். கருங்கல் பாறைமேல் எழுந்த ஊர் கொண்டாப்பூர். கட்டட வேலையில் சிதறிய ஜல்லி புல்லுக்குள் கிடந்தால் கத்தி அதைத் தோட்டாவாக எறியும். கல்லைப் பொறுக்குகிற அதே நடையில் தவளையும் ஒதுங்கிப்போகும். ஈரம் காயும்வரை காத்திருப்பதற்கும், டெக்குக்கு அடியில் கை விடுமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவதற்கும் யாரும் தனிக்கூலி தருவதில்லை. திருப்புகலூரில் உழவாரத்தில் பொன்னும் மணியும் தட்டுப்பட்டபோது அப்பர் அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்துக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். ஆதாயம் வந்து நிற்கும்போதும் வேலை வேலையாகவே இருந்தால் அதுதான் தொண்டு.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. உழவு சோறு போடுகிறது, பிராகாரம் கோயிலைக் காக்கிறது, அலங்காரப் புல்தரை எதற்கு? தவிர்க்கக்கூடிய தீங்கைக் கவனமாகச் செய்தால் மட்டும் அறமாகிவிடுமா? புல்தரை ஆங்கிலேயப் பங்களாக்களோடு வந்த வழக்கம். புல்வெட்டி மெஷினே 1830இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், துணியின் மயிரிழைகளைச் சீராக வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து உருவாக்கியதுதான். இந்த மறுப்பில் பாதியை நான் மனமார ஏற்கிறேன். கொத்தகூடா முனையில் இருக்கும் தாவரவியல் பூங்காவைப் பார்த்தாலே போதும், பாறையும் புதரும் மரமுமாகவும் பசுமை அழகாக இருக்க முடியும் என்பது தெரியும். யாரும் கால்வைக்காத இடத்தில் புல்தரை வேண்டியதில்லை, வேலியோரத்தை வளரவிடலாம். மீதிப் பாதியை ஏற்க முடியவில்லை. குழந்தைகள் ஓடும் இடம், முதியவர்கள் நடக்கும் இடம், எலியும் பாம்பும் அண்டக்கூடாத வாசல் என்று சில இடங்களில் புல் குட்டையாகத்தான் இருக்கவேண்டும். குறையே இல்லாத தொழில் இல்லை என்று கீதையின் 18ஆம் அத்தியாயம் சொல்வது அலட்சியத்துக்கு அனுமதிச்சீட்டு அல்ல. எவ்வளவு குறைக்க முடியும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்வது. பரப்பைக் குறைப்பது முதல் கடமை. மிஞ்சிய பரப்பில் கருவியைச் சரியாக வைத்திருப்பது இரண்டாவது. முதலாவதைச் செய்யவில்லை என்பதால் இரண்டாவது விலகிவிடாது.

கடைசியாக, இந்த அறத்தை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி. மெஷினைத் தள்ளுகிற தோட்டக்காரர் புல்தரை வேண்டும் என்று கேட்டவர் அல்லர். பலநேரம் மெஷினும் அவருடையதல்ல. பாவமும் புண்ணியமும் அவருக்கு, பசுமை நமக்கு என்றால் அது நியாயமில்லை. இங்கே சமணம் ஒரு கறாரான கணக்கு வைத்திருக்கிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்ற மூன்றுமே வினைதான். மிகக் குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் கேட்டவருக்கே பராமரிப்பைக் கொடுக்கும் குடியிருப்போர் சங்கம், மாற்றுக் கத்திக்கும் பெல்ட்டுக்கும், டெக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் அரைமணி நேரத்துக்கும், காலைக் காக்கும் பூட்ஸுக்கும் பணம் ஒதுக்காமல் விட்டால், கயிறு கட்டிய லீவரில் அந்தச் சங்கத்தின் கையும் இருக்கிறது. பருவமழைப் புல் அடங்கும் சமயத்தில் தசரா வருகிறது. மெஷினைக் கழுவி, குங்குமம் இட்டு ஆயுத பூஜை செய்கிறோம். வருடத்தில் ஒருநாள் கருவியை நிறுத்தி, துடைத்து, அதனால் என்ன நடக்கிறது என்று நினைத்துப்பார்ப்பதுதான் அந்தப் பூஜையின் உட்பொருள் என்றால், டெக்கைத் திருப்பிப் பார்க்காமல் பொட்டு மட்டும் வைப்பது பாதிப் பூஜை. கவனம் எல்லாத் தீங்கையும் துடைத்துவிடாது. சீராகப் பூட்டிய மெஷினிலும் சில உயிர்கள் போகத்தான் செய்யும். அந்தப் பங்கை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை. நம் அசட்டையால் கூடுகிற பங்குக்கு மட்டும் எந்தச் சமயத்திலும் சாக்கு இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைக் கழிக்க வேண்டியது ஒப்பந்ததாரரும் தோட்டக்காரரும் மட்டுமல்ல, கையெழுத்துப் போடுகிறவரும்தான்.