பொது சிவில் சட்டமும் சமய மனச்சான்றும்

திருமணம், மணமுறிவு, ஜீவனாம்சம், தத்து, வாரிசுரிமை ஆகியவற்றில் எல்லாச் சமயத்தாரையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவருவதே பொது சிவில் சட்டம். இந்திய அரசியலமைப்பின் 44ஆம் உறுப்பு அதை அரசு முயன்று அடைய வேண்டிய நெறியாகச் சொல்கிறது. 25ஆம் உறுப்பு சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அடிப்படை உரிமையாகத் தருகிறது. சமூகச் சீர்திருத்தத்துக்காகச் சட்டம் இயற்றவும் அதுவே இடம் விடுகிறது. இவற்றுக்கு நடுவே நிற்கும் கேள்வி பழையது. ஒரு திருமணத்தைத் திருமணமாக்குவதும், ஒரு பிள்ளைக்கு இன்ன பங்கு என்று வகுப்பதும் இறைவாக்கா, முன்னோர் வழக்கமா, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதமா, அரசின் ஆணையா?

தனியார் உறவுகளில் பெரும்பகுதிக்கு இந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. காவிரி டெல்டாவின் நீடாமங்கலம் வட்டாரத்தில் நன்செய் கைமாறும்போது கிரயம், அடமானம், குத்தகை, பத்திரப் பதிவு எல்லாம் எல்லாருக்கும் ஒன்றே. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் முஸ்லிம்களின் ஹிபா தானம் போன்ற சில விலக்குகளைத் தவிரச் சமயம் பார்ப்பதில்லை. தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் மிராசுதாரின் சமயத்தையோ பண்ணையாளின் சமயத்தையோ கேட்கவில்லை.

நிலத்துக்குச் சொந்தக்காரர் உயில் எழுதாமல் இறக்கும்போதுதான் சமயம் உள்ளே வருகிறது. 24 மா, அதாவது ஏறத்தாழ 8 ஏக்கர், சுயார்ஜித நிலம் உள்ள ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. அவர் இந்துவானால் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் ஆளுக்கு 8 மா. கிறிஸ்தவரானால் 1925ஆம் ஆண்டின் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இங்கும் ஆளுக்கு 8 மாதான். சன்னி முஸ்லிமானால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 மா, மகனுக்கு 14 மா, மகளுக்கு 7 மா.

இந்தப் பங்கீட்டுக்கு இஸ்லாமியச் சட்டம் கூறும் காரணம் கடமை சார்ந்தது. குடும்பத்தைக் காப்பதும் மஹர் தருவதும் ஆணின் பொறுப்பு. பெண் தன் 7 மாவிலிருந்து பொதுவாக யாரையும் காக்கக் கட்டுப்பட்டவள் அல்லள். பங்கு குர்ஆனில் வகுக்கப்பட்டது என்பதால் நம்பிக்கையாளருக்கு அதைப் பிரித்துக் கொடுப்பது வணக்கத்தின் ஒரு பகுதி. எதிர்வாதம், கடமையை நிறைவேற்றாத சகோதரன் முன்னால் மகளின் நிலை என்ன என்று கேட்கிறது. கடமை மறக்கப்பட்டுப் பங்கு மட்டும் நிலைத்தால் ஏற்பாட்டின் அடிப்படையே தளர்ந்துவிடும் என்பது அதன் வலு.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23இல் இதே வாதங்கள் மோதின. சென்னை மாகாணத்தின் முகமது இஸ்மாயில், எந்தச் சமூகமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் கே.எம். முன்ஷியும் பொதுச் சட்டத்தை ஆதரித்தார்கள். அம்பேத்கர், வடமேற்கு எல்லைப்புற மாகாண முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தையே பின்பற்றியதை நினைவூட்டினார். பொதுச் சட்டத்தை ஏற்பதாக உறுதிமொழி தருபவர்களுக்கு மட்டும் முதலில் அது பொருந்தும்படி செய்யலாம் என்றும் வழி காட்டினார்.

தனிச்சட்டம் முழுக்க மறைநூலிலிருந்து நேராக இறங்கியது அல்ல என்பதற்கு டெல்டாவின் நன்செய்யே சான்று. 1937ஆம் ஆண்டின் ஷரியத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை சட்டமன்றம் அந்த விலக்கை நீக்கியது. நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள கூத்தாநல்லூர் முஸ்லிம் குடும்பங்களின் வயல்களும் அதன் பிறகே அச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. இந்துச் சட்டத்தை 1955, 56ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றம் திருத்தி எழுதியது. எனவே சமயமா அரசா என்ற எதிர்நிலை முழு உண்மையன்று. எந்தச் சமய விதி சட்டமாக நிற்கும் என்பதை ஏற்கெனவே அரசுதான் முடிவு செய்துவருகிறது.

அம்பேத்கர் சொன்ன விருப்ப வழி காவிரிப் படுகையின் கிழக்கு ஓரத்தில் முன்பே சோதிக்கப்பட்டிருந்தது. காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம் 1819இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியர்கள் மட்டும் தங்கள் வழக்கங்களின்படி நடக்க விடப்பட்டனர். 1881 செப்டம்பர் ஆணை, விரும்பிய இந்தியர் தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க வகை செய்தது. துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள்; புதிய குடும்பப் பெயரும் சூடினார்கள். சாதி அடுக்கிலிருந்து வெளியேற அது சிலருக்கு வழியாயிற்று. ஆனால் துறந்ததைத் திரும்பப் பெற முடியாது. கணவன் கையெழுத்து மனைவியையும் சிறுவயதுப் பிள்ளைகளையும் கட்டியது. 1963இல் இந்துத் திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோதும் ரெனோன்சான்கள் விலக்கப்பட்டார்கள். விருப்பம் என்று பெயர் இருந்தாலும் யாருடைய விருப்பம் என்ற கேள்வி அதில் எஞ்சி நிற்கிறது.

தமிழ்நாட்டின் இன்னொரு சோதனை சுயமரியாதைத் திருமணம். புரோகிதரும் சடங்கும் இல்லாத அத்தகைய திருமணம் செல்லாது என்று 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அண்ணாதுரை அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்து மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். முன்பு நடந்தவையும் செல்லும். சம்மதமே திருமணத்தின் உயிர் என்ற கருத்து இங்கே சட்டமாயிற்று. ஆயினும் இது இந்துக்கள் இருவருக்கு மட்டுமே. கடவுளை மறுப்பவரும் இதற்குச் சட்டத்தின் கண்ணில் இந்துவாக இருந்தாக வேண்டும். சமயம் கடந்து மணப்பவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடி 30 நாள் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் காக்க முடியாது என்பதையும் நீடாமங்கலத்தின் வரலாறு சொல்கிறது. 1937 டிசம்பரில் அங்கு நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் மற்றவர்களோடு அமர்ந்து உண்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு அவமதிக்கப்பட்டார்கள். அதற்கும் அன்று வழக்கமே காரணமாகக் காட்டப்பட்டது. மனித மதிப்பைக் குலைக்கும் வழக்கத்துக்குச் சமய உரிமை அடைக்கலம் ஆகாது.

மறுபுறம், ஒரே சட்டம் இருப்பதாலேயே சமத்துவம் வந்துவிடுவதும் இல்லை. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கை 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் தந்தன. ஆனால் சீர் செய்தாயிற்று, அண்ணன் உறவு வேண்டும் என்று சொல்லிப் பெண்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்றும் உண்டு. போர்த்துகீசியரின் 1867ஆம் ஆண்டு சிவில் சட்டம் நிலவும் கோவாவிலும் இந்து ஆண்களின் இரண்டாம் திருமணத்துக்குத் தனி விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 27இல் நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொது சிவில் சட்டம் பழங்குடியினரை விட்டுவைத்தது. 21ஆம் சட்ட ஆணையம் 2018இல், பொதுச் சட்டம் அந்தக் கட்டத்தில் தேவையுமில்லை, விரும்பத்தக்கதுமில்லை என்று கருதித் தனிச்சட்டங்களுக்குள் இருக்கும் பாகுபாட்டைக் களையும் வழிகளைப் பரிந்துரைத்தது.

ஆகவே சட்டங்கள் ஒன்றா பலவா என்ற எண்ணிக்கை இரண்டாம் நிலைக் கேள்வியே. குடும்பத்தில் வலுவில்லாதவரின் சம்மதம் உண்மையானதா, சமயச் சட்டத்தை ஏற்காதவர் வெளியேற வழி உண்டா என்பவை முதல் கேள்விகள். இவற்றுக்கு விடை தராத பொதுச் சட்டம் பெரும்பான்மையின் வழக்கத்தைப் பொது என்று பெயரிட்டு நீட்டுவதாக முடியும். விடை தராத தனிச்சட்டமோ மனச்சான்றின் பெயரால் ஒருவருடைய மனச்சான்றை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதாக முடியும்.