வலிக்காத வெட்டு

செல்லப்பறவை விற்கும் கடைகளில் வாங்குபவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: “றெக்கை வெட்டித் தரவா?” கத்தரிக்கோலால் இரண்டு நிமிட வேலை. வாங்குபவர் தயங்கினால் ஒரு சமாதானமும் கூடவே வரும்: “வலிக்காதுங்க, நகம் வெட்டுற மாதிரிதான்.”

உடலளவில் அது உண்மை. முதிர்ந்த இறகு நகத்தையும் முடியையும் போலக் கெரட்டினால் ஆனது. அதற்குள் நரம்பு இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. சிறகின் நுனிப்பகுதியில் உள்ள பத்து நீண்ட இறகுகள்தாம் பறவையை முன்னே உந்துகின்றன. இரு சிறகிலும் அவற்றில் ஐந்தாறைக் குறைத்துவிட்டால் அதனால் மேலெழ முடியாது. சாய்வாக இறங்கித் தரைசேர மட்டும் முடியும். அடுத்த இறகுதிர்வில் வெட்டுப்பட்ட அடித்தண்டு விழுந்து புது இறகு முளைக்கும். அப்போது மறுபடியும் வெட்டுவார்கள். வலி இல்லை, நிரந்தரம் இல்லை, எல்லாம் அதன் நன்மைக்காக.

இந்த மூன்று காரணங்களையும் ஒன்றாகக் கேட்கும்போது பழகிய குரல் ஒன்று என் காதில் விழுகிறது. மேற்படிப்புக்கு வெளியூர் அனுப்ப மறுத்த வீடுகளைப் பற்றி மாணவிகள் சொல்லும்போது அதே சொற்கள் வரும். “அடிச்சோமா, பட்டினி போட்டோமா? கொஞ்ச நாள்தானே, கல்யாணம் ஆகட்டும், அப்புறம் படி. உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்.” யாரும் அவளை அடிக்கவில்லை என்பது உண்மைதான். எங்கும் காயம் இல்லை. அப்படியானால் அங்கே தீங்கு நடந்ததா, இல்லையா? வலியை மட்டுமே தீங்கின் அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

மேலே போகுமுன் ஒரு எச்சரிக்கையை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். பெண்ணைக் கிளி என்று சொல்லும் மரபு தமிழில் நீளமானது. கிளிமொழி என்று பாராட்டுவார்கள். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தேன் என்று மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் புலம்புவார்கள். அந்தப் புலம்பலில் வளர்ப்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். கிளிக்கு என்ன வேண்டும் என்று கேட்பவர் யாருமில்லை. இந்த உவமை பெண்ணையும் சிறுமைப்படுத்துகிறது, கிளியையும் மறைத்துவிடுகிறது. ஆகவே முதலில் கிளியைக் கிளியாகவே பார்ப்போம்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. கூண்டிலிருந்து நடந்து வந்து சீட்டெடுத்து, நெல்மணி வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போகும் சோதிடக் கிளிகள் தெருக்களில் குறைந்துபோனதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். அந்தக் கிளி ஏன் பறந்துபோகவில்லை என்று சிறுவயதில் வியந்தவர்கள் உண்டு. அதன் சிறகைப் பார்த்திருந்தால் வியப்பு நின்றிருக்கும். இன்று வீடுகளில் அதிகம் இருப்பவை அயல்நாட்டு இனங்கள்: லவ் பேர்ட்ஸ் என்று நாம் தவறாக அழைக்கும் பட்ஜெரிகர், காக்கடீல், வசதி உள்ளவர்களிடம் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. முதல் இரண்டும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குரியவை. அங்கே தண்ணீரையும் விதையையும் தேடிக் கூட்டமாக நெடுந்தொலைவு பறப்பவை. நம் வீட்டில் இருப்பவையோ கூண்டிலேயே பல தலைமுறைகளாகப் பொரிந்தவை. சன்னலைத் திறந்து விட்டுவிட்டால் அது விடுதலை ஆகாது. உணவு தேடத் தெரியாது, காக்கைக்கும் பூனைக்கும் ஒளியத் தெரியாது. பெரும்பாலும் சில நாள்களுக்குள் முடிந்துவிடும்.

எனவே இறகு வெட்டுபவர்களின் வாதத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை. சுழலும் மின்விசிறியில் சிக்கிச் செத்த பறவையைக் கையில் ஏந்தியவர்கள் அவர்களில் உண்டு. கண்ணாடி என்று அறியாமல் சன்னலில் மோதிக் கழுத்து முறிந்தவை உண்டு. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் இறங்கியவை உண்டு, திறந்திருந்த தண்ணீர்த் தொட்டியில் மூழ்கியவை உண்டு, கதவிடுக்கில் வெளியேறித் திரும்பாதவை உண்டு. பயம் பொய்யில்லை.

ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மின்விசிறி, கண்ணாடி, எண்ணெய்ச் சட்டி, தொட்டி, கதவு. இவற்றில் ஒன்றுகூடக் கிளி கொண்டுவந்ததில்லை. எல்லாம் நம் வீட்டுப் பொருள்கள். ஆபத்தை வைத்திருப்பது வீடு, மாற்றப்படுவது பறவை. வீட்டை மாற்ற வழியும் இருக்கிறது. பறவை வெளியே இருக்கும் நேரத்தில் விசிறியை நிறுத்தலாம். சன்னலுக்குக் கம்பிவலை அடிக்கலாம், கண்ணாடிக்குத் திரை போடலாம், அடுக்களைக் கதவைச் சாத்தலாம். கூப்பிட்டால் கைக்கு வந்து அமரும்படி தினையைக் காட்டிப் பழக்கலாம். இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். கத்தரிக்கோலுக்கு இரண்டு நிமிடம் போதும். இறகு வெட்டுதல் பாதுகாப்பான வழியாகத் தோன்றுவதில் பெரும்பங்கு, அது மலிவான வழி என்பதுதான்.

அது முழுப் பாதுகாப்பும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பறவை சமநிலை இழந்து சுழன்று விழும். அளவுக்கு மீறி வெட்டினால் கல்லைப்போல விழுந்து மார்பெலும்பின் மேல்தோல் கிழியும். முளைத்துவரும் இளம் இறகில் இரத்தம் ஓடும். பக்கத்து முதிர்ந்த இறகுகள் அதற்கு அரண். அரண் வெட்டப்பட்டிருந்தால் அது எளிதில் முறிந்து இரத்தம் கொட்டும். இன்னொன்றும் உண்டு. வெட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில் தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். அரைகுறையாக இறகு வளர்ந்திருக்கும் நேரம், ஒரு காற்று அடித்தால் போதும். வெளியே போய்ச் சேரும் அளவுக்குப் பறக்கும். பூனையிடமிருந்து தப்பும் அளவுக்குப் பறக்காது. ஆற்றலைக் குறைத்துத் தரும் பாதுகாப்பு காவலர் பக்கத்தில் இருக்கும்வரைதான் செல்லும். காவலர் இல்லாத நொடியில் அதுவே ஆபத்தாகிவிடும். இதைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் அடுக்ககத்தில் காக்கடீல் வளர்க்கும் ஒரு அக்கா ஒருமுறை சொன்னார்: “வெட்டுன பிறகுதான் டீச்சர் எங்கிட்ட இவ்ளோ பாசமா இருக்கு. தோளை விட்டு இறங்கவே மாட்டேங்குது.” அவருடைய பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. காலையில் அதற்குத் தினை வைத்துவிட்டுத்தான் அவர் காபி குடிப்பார். ஆனால் கிளியின் பாசத்தை அவர் எப்படி அறிவார்? போகமுடிந்தும் போகாமல் இருப்பதற்கும் போகமுடியாமல் இருப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. இறகு வெட்டுவதன் முதல் இழப்பு கிளிக்கு. இரண்டாவது இழப்பு வளர்ப்பவருக்கு: தன்னிடம் வந்து அமர்ந்தது அன்பினாலா என்று அறியும் வாய்ப்பை அவர் தன் கையாலேயே வெட்டிவிடுகிறார். திருமண வாழ்வு முழுவதும் மனைவி தன்னோடு இருந்ததை அன்பின் சான்றாகக் காட்டும் ஆண்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவளுக்கென்று ஒரு வங்கிக் கணக்கும் போய்ச் சேர ஓர் இடமும் இருந்திருந்தால்தான் அவள் இருந்ததற்குப் பொருள் சொல்லமுடியும்.

சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் கிளியும் பெண்ணும் எதிரெதிரே நிற்கிறார்கள். தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி விரட்டுவது தலைவியின் வேலை; அதற்குத் தட்டை, குளிர், தழல், கவண் என்று கருவிகள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் கிளி அவளுக்குப் பகை. ஆனால் அவள் வீட்டைவிட்டு வெளியே இருப்பதற்கு ஒரே காரணமும் அந்தக் கிளிதான். அது கதிரைத் தேடி வரும்வரை அவளுக்குப் புனமும் தோழியும் அருவியும் தலைவனைக் காணும் வாய்ப்பும் உண்டு. தினை கொய்து முடிந்தால் கிளிக்கு அங்கே வேலையில்லை, அவளுக்கும் இல்லை. வீட்டுக்குள் வைக்கப்படுவாள். இதற்கு நம் இலக்கணிகள் வைத்த பெயர் இற்செறிப்பு. கிளி வேறு புனம் தேடிப் பறந்துவிடும், அவள் போகமாட்டாள். வகுப்பில் இதை நடத்தும்போது பெண்ணைக் கிளிக்கு உவமிக்கும் பிற்காலப் பழக்கம் எனக்கு விந்தையாகத் தோன்றும். இங்கே கிளிக்கு இருக்கும் சிறகு அவளுக்கு இல்லை என்பதுதானே செய்தி.

சிறை என்ற சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். பழந்தமிழில் அதற்குச் சிறகு என்று ஒரு பொருள். காவல் என்று ஒரு பொருள். அடைத்து வைத்தல் என்று இன்னொரு பொருள். மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நான் வாதிடவில்லை. பேச்சில் எது எஞ்சியது என்பதை மட்டும் பார்க்கிறேன். சிறகைச் சிறை என்று இன்று யாரும் சொல்வதில்லை. காவல் என்ற பொருளும் மங்கிவிட்டது. அடைப்பு மட்டும் நின்றது.

காவலும் அடைப்பும் ஒன்றாகிவிடாமல் தடுக்கமுடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 2015இல் தில்லியில் கல்லூரி மாணவிகள் விடுதியின் நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பிஞ்ச்ரா தோட் என்று பெயர் வைத்தார்கள். கூண்டை உடை என்று பொருள். இரவில் தெரு பாதுகாப்பாக இல்லையென்றால் தெருவைத்தான் சரிசெய்ய வேண்டும், எங்களைப் பூட்டுவது ஏன் என்பது அவர்கள் கேள்வி. விசிறியை நிறுத்து, இறகை வெட்டாதே என்பதன் இன்னொரு வடிவம் அது. அதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பு, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கேலிப் பேச்சுக்கு நடுவே ஓட்டக் கற்றார்கள். விழுந்தார்கள், முட்டியைச் சிராய்த்துக்கொண்டார்கள். கவனியுங்கள்: அங்கே வலி இருந்தது, தீங்கு இல்லை. கடைக்காரரின் வெட்டில் வலி இல்லை, தீங்கு இருந்தது.

பறவை வளர்ப்பில் அனுபவமுள்ளவர்கள் ஒன்று சொல்வார்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றாலும், குஞ்சு முதலில் நன்றாகப் பறக்கக் கற்ற பிறகே வெட்ட வேண்டும். கற்கும் பருவத்திலேயே வெட்டப்பட்ட பறவை பின்னால் இறகு முளைத்தாலும் தடுமாறும். திரும்பத் தெரியாது, இறங்கத் தெரியாது, கிளையை விட்டுக் கால் எடுக்கவே அஞ்சும். பறிமுதல் செய்யப்பட்ட பச்சைக்கிளிகளையும் இறகு முளைத்த அன்றே காட்டில் விட்டுவிட முடியாது. மார்புத் தசை வலுப்பெறும்வரை பெரிய கூண்டில் பறந்து பழகவேண்டும். நாற்பது வயதில் கணவர் இறந்தபின் முதன்முறையாக வங்கிக்குத் தனியே போகும் பெண்ணிடம் “இனி உன்னை யாரும் தடுக்கலையே” என்பது எவ்வளவு பொருந்தாத ஆறுதல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

உவமை நிற்கவேண்டிய இடமும் உண்டு. கிளிக்கு மின்விசிறி என்றால் என்னவென்று விளக்கமுடியாது. அதற்காகச் சில முடிவுகளை நாம் எடுத்தே ஆகவேண்டும். பெண்ணுக்குச் சொல்லலாம், அவளிடம் கேட்கலாம், அவள் நம்மைவிட அதிகம் அறிந்திருக்கக்கூடும். வயதுவந்த பெண்ணுக்காக முடிவெடுப்பவர் அவளைக் கிளியாக்கிவிடுகிறார். எனவே கிளிக்கு நாம் கடைப்பிடிக்கும் அறம் பெண்ணுக்குப் போதாது. ஆனால் கிளிக்கே பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்றைப் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று சொல்லும்போது நம் வெட்கக்கேடு எவ்வளவு என்று தெரிகிறது.

பாதுகாப்பு என்று யார் எதைச் சொன்னாலும் நான் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன். ஆபத்து எங்கிருந்து வருகிறது, மாறச் சொல்லப்படுவது யார்? இந்தக் காவலின் முடிவில், காக்கப்படுபவரின் திறன் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? இதற்கான செலவை யார் ஏற்கிறார்?

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கிளியைப் பறக்கவிடுங்கள் என்று சொல்வது எளிது. பறக்கும் கிளி அலமாரி மேல் எச்சமிடும், திரைச்சீலையைக் கொறிக்கும். மே மாத வெயிலில் அரை மணி நேரம் விசிறி ஓடாது. சமையலை அதன் நேரத்துக்கேற்ப மாற்ற வேண்டும். நம் வீடுகளில் இந்த வேலைகள் யார் தலையில் விழும் என்று தெரியாதா? அந்த அக்காவிடம் இதையெல்லாம் பேசியபோது அவர் எடுத்தவுடன் கேட்டது இதைத்தான்: “கிளி கேட்டது புள்ள. வாங்கிட்டு வந்தது அவங்கப்பா. சுத்தம் பண்றது நானு. இதுல றெக்கைய வேற வெட்டாதன்னா எப்படி?” நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் எல்லாருக்குமான பராமரிப்பும் ஒருத்தி மேல் ஏற்றப்பட்டிருக்கும்போது, கத்தரிக்கோலை அவள்தான் எடுப்பாள். மகளை ஆறு மணிக்குள் வீடு திரும்பச் சொல்பவளும் பெரும்பாலும் தாய்தான். ஏதாவது நடந்தால் “நீ என்ன பண்ணிட்டிருந்தே?” என்று கேட்கப்படப்போவது அவளிடம்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

எனவே முதலில், வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் ஒரு பறவை இருந்தால் அதன் இறகை விட்டுவையுங்கள். வலை அடியுங்கள், கூப்பிட்டால் வரப் பழக்குங்கள். வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்து வேலையைப் பிரியுங்கள்: விசிறியை யார் நிறுத்துவது, சன்னலை யார் சரிபார்ப்பது, எச்சத்தை யார் துடைப்பது. பெயரோடு எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். அதில் வாங்கி வந்தவரின் பெயர் முதலில் இருக்கட்டும்.